லோகாவுக்கு நான் என்ன சொல்ல?

உன் பெண்டாட்டி வேர்க்கடலை அனுப்பியிருக்கிறாள். விஜயபுரத்தில் பஸ் ஏற்றி, கண்டக்டரிடம் சொல்லி அனுப்பிய மூட்டையைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நானே போய் இறக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நல்ல மழை. சாக்கின் அடிப்பக்கம் ஊறியிருந்ததைக் கவனிக்காமல் சமையலறை மூலையில் சாத்தி வைத்துவிட்டேன். இன்று காலை அவிழ்த்தால் மக்கிய வாடை குப்பென்று மூஞ்சியில் அடித்தது. அடியில் கிடந்த காய்களெல்லாம் பச்சைப் பூஞ்சை. "வெளிய கொட்டுங்க, மாடுகூடத் துன்னாது" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். நான் கொட்டவில்லை. ஒரு காயை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதுவாடா? இல்ல, அதுவாடா?" என்று உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்டால் மட்டும் பதில் சொல்லிவிடப் போகிறாயா?

மூட்டைக்குப் பின்னாலேயே லோகாவின் போனும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பவித்ராவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாளாம். உன் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கே என்று நினைக்கிறாய்? நாம் இரண்டு பேரும் ஆயுசைக் கொட்டினோமே, அதே மாதிரி அணு உலைக்கு எரிபொருள் செய்யும் இடத்தில். ஊர் மட்டும்தான் வேறு. கெமிஸ்ட்ரி வேண்டாம், பேங்க் பரீட்சை எழுதச் சொல்லு என்று உன்னிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா? லோகா போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ண்ணா, அவரு போனதுக்கு அதுதான் காரணமா, இல்லியா? ஆமான்னா எம் பொண்ண அனுப்ப மாட்டேன். இல்லன்னா சந்தோசமா அனுப்பிடறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. அதனால்தான், செத்துப்போனவனுக்குக் கடுதாசி எழுதுகிற பைத்தியக்காரனாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் வேலைக்குப் போன ஊரின் பெயரை எழுத இப்போதும் கை வரவில்லை. வெளியே வாயைத் திறக்கமாட்டோம் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்களே, அந்தப் பயம் பென்ஷன் வந்த பிறகும் விடவில்லை. நகரியில் பஸ் ஏற்றிவிட வந்த உன் நைனா, "இன்னாடா வேல அது?" என்று கேட்டார். "கரண்டு எடுக்கற எடம் நைனா" என்றாய். "கம்பத்துல ஏறணுமா?" "ஏற வேணாம்." "அப்ப சரி, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு, பஸ் கிளம்புவதற்கு முன்பே அவர் மாட்டுத் தீவனம் வாங்கப் போய்விட்டார். அவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்த காலம் அது. பஸ் புத்தூர் தாண்டும் வரை நீ அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாய்.

என்னை உலையை இயக்கும் அறையில் போட்டார்கள். ஆராய்ச்சிக்காகக் கட்டிய சின்ன உலை அது. உன்னை அதற்கு எரிபொருள் செய்யும் கூடத்தில் போட்டார்கள். யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கறுப்புப் பொடி. அதை அழுத்திச் சுட்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வில்லைகளாகச் செய்ய வேண்டும். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால், கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றை வெளியேற்றி வேறு வாயு நிரப்பியிருப்பார்கள். பெட்டியின் ஓட்டையில் பொருத்திய கறுப்பு ரப்பர் கையுறைக்குள் தோள்வரை கையை விட்டுத்தான் எல்லா வேலையும். "நாள் பூரா பசுவுக்குப் பிரசவம் பாக்கற மாதிரி கீதுடா" என்பாய். ஒருநாள் வடநாட்டு அதிகாரி அதைக் கேட்டு என்ன என்று விசாரிக்க, என்னையே இந்தியில் விளக்கச் சொல்லி மாட்டிவிட்டாய். பசுவுக்கு இந்தி வார்த்தை தெரிந்தது, பிரசவத்துக்குத் தெரியவில்லை. கையால் நடித்துக் காட்டினேன்.

உலை முதன்முதலாக உயிர் பெற்ற நாள் நினைவிருக்கிறதா? எனக்கு அது நேற்று மாதிரி இருக்கிறது. உலையை அடக்கி வைத்திருக்கும் தடியை இம்மியளவு தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன்னால் தூக்கப்போகிறேன் என்று ஒருவன் சத்தமாகச் சொல்வான். பக்கத்திலிருப்பவன் அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். தூக்கியதும் கருவியில் நியூட்ரான் எண்ணிக்கை கொஞ்சம் ஏறும், ஏறி நின்றுவிடும். காத்திருப்போம். மறுபடி சொல்லி, மறுபடி தூக்குவோம். காலையிலிருந்து இதே கதை. யாரும் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை, எண்ணிக்கை ஏறியது, நிற்கவில்லை. தடியை யாரும் தொடவில்லை. அது பாட்டுக்குத் தானாக ஏறிக்கொண்டே போனது. அறை முழுக்கக் கைதட்டல். உங்கள் கூடத்து ஆட்களைக் கதவருகே நிற்க விட்டிருந்தார்கள். நீ கூட்டத்தில் புகுந்து வந்து என் காதோடு, "நான் ஆக்கன சோத்த அது துன்னுதுடா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நானும் அழுதுவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. வீட்டுக்காரி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்தச் சந்தோஷம் நிஜம். அந்த வேலை கெட்டது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்!

பிறகு அந்த இடுக்கி. பெட்டிக்குள் உடைந்திருந்த இடுக்கியின் முனை கையுறையைத் துளைத்து உன் ஆள்காட்டி விரலில் குத்தியது. எறும்பு கடித்த அளவுதான் என்று பிற்பாடு சொன்னாய். முறைப்படி கூப்பிட்டாய், முறைப்படி கையை வெளியே எடுத்தாய், முறைப்படி குழாயில் கழுவினாய். கதிர் அளக்கும் ஆள் ஓடிவந்து உன் விரல்மேல் கருவியைப் பிடித்தான். சத்தமே இல்லை. இன்னொரு தரம் பிடித்தான். இல்லை. எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஒருவன் உன் முதுகில் தட்டி, தப்பிச்சே என்றானாம்.

விரல் ஈரமாக இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வருகிறது. புளூட்டோனியத்தின் கதிரைத் தடுக்க ஒரு காகிதம் போதும், தோல்மேல் படிந்த தண்ணீர்ப் படலம் போதும் என்பது அங்கே வேலைக்குச் சேர்கிறவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். அந்த அறையிலிருந்த அத்தனை பேரும் அதைப் பரீட்சையில் எழுதித் தேறியவர்கள். துடைத்துக் காயவைத்து அளக்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும், உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த நேரத்தில் தோன்றவில்லை. கெட்டது நடக்கவில்லை என்று கருவி சொன்னால் நம்பத்தானே மனசு ஆசைப்படும். நீ உடுப்பு மாற்றிக்கொண்டு வெளிவாசலுக்கு வந்தாய். நான் வாசலுக்கு இந்தப்பக்கம் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தேன். வாசலிலும் ஒரு கருவி உண்டே, வெளியே போகிற எல்லாரும் கை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குள் உன் விரல் காய்ந்திருந்தது. மணி அடித்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து என்னைப் பார்த்தாய். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "நீ துன்னுடா, எனக்கு லேட்டாவும்" என்று வாயசைத்தாய். நான் போய்ச் சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும் எனக்கு?

விரலில் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்தார்கள். உடம்புக்குள் போனதை வெளியே இழுக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நீ போகிற மூத்திரத்தையெல்லாம் கேனில் பிடித்து, பெயரெழுதி, பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். "உன் மூத்திரத்துக்கு கவர்மெண்டு காவலு, உனக்கு ஒரு டீக்கு வழியில்ல" என்று நான் கிண்டல் பண்ணினேன். நீ சிரித்த சிரிப்பில் டிரிப்ஸ் ஊசி நழுவி, நர்ஸம்மா என்னை வெளியே துரத்தினாள். கடைசியில், கொஞ்சம் உள்ளே தங்கிவிட்டது, ஆனால் லிமிட்டுக்குக் கீழேதான் என்று சொல்லி உன்னை அனுப்பினார்கள். அதற்கப்புறம் உன்னைக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் விடவில்லை. விரல் ஈரமாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை வீணாக்காமல் உடனே வெட்டியிருந்தால் உள்ளே போனது குறைந்திருக்குமா என்று பெரிய டாக்டரையே கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அன்றைக்குத் தொடங்கியது இந்தச் சொல்ல முடியாது.

உனக்குப் பெண் பார்த்த கதையை எடுத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். எத்தனை வீடு! எல்லாம் கூடிவரும் நேரத்தில், "ஒரு விசயம் சொல்லிடணும்" என்று விரலில் குத்திய கதையை நீ ஆரம்பிப்பாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் தொடையைக் கிள்ளிக் கிள்ளி என் விரல்தான் வலித்தது. அரிச்சந்திரனுக்குத் தம்பி! சாந்திபுரத்தில் ஒரு வீட்டில் பெண்ணின் நைனா, "ஒட்டுவாரொட்டி நோவா அது?" என்று கேட்டுவிட்டு, நீ குடித்த டம்ளரை எங்கள் கண்ணெதிரிலேயே தனியாக எடுத்து வைத்தார். உனக்குத் தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் லோகாவின் வீட்டுக்குப் போனோம். அங்கேயும் சொன்னாய். உள்ளேயிருந்து லோகாவின் குரல் வந்தது. "மறைக்காம சொல்றாரில்ல, நைனா. எனக்கு அது போதும்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாய்.

ரிட்டயராகி ஊரோடு வந்து, பங்காளிகளிடம் விட்டிருந்த நிலத்தில் கடலை போட்டாய். நான் திருப்பதியில் வீடு வாங்கினேன். மாசத்துக்கு ஒரு தரமாவது சந்திப்போம். நன்றாகத்தானே இருந்தாய்? திடீரென்று வயிறு வீங்கியது, கண் மஞ்சளாகியது. இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கல்லீரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. அந்தச் சின்ன வயது டாக்டர் லோகாவிடம், "மந்து அலவாட்டு உந்தாம்மா?" என்று உன் குடியைப் பற்றி விசாரித்தார். லோகா, "லேது சார், ஒக்க சுக்க கூடா லேது", ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று அழுதாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்விகளை அடுக்கினார். முன்னே காமாலை வந்திருக்கிறதா? வந்திருக்கிறது, ஹாஸ்டலில் இருக்கும்போது. ஊருக்குப் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு, சரியாயிற்று என்று திரும்பி வந்தாயே! அந்தக் கிருமியின் தடயம் ரத்தத்தில் இருக்கிறதாம். அடுத்தது, பூஞ்சை பிடித்த வேர்க்கடலை சாப்பிடுவாரா?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பூஞ்சையின் விஷம் கல்லீரலில் புற்று உண்டாக்குமாம். நீ எந்தக் கடலையை விட்டாய்? வேலையிடத்தில் கையுறைமேல் கையுறை போட்டவன், ஊரில் பூஞ்சைக் காயை வேட்டியில் துடைத்து வாயில் போடுவாய். நான் திட்டினால், "வறுத்தா எல்லாம் சரியாப்பூடும்டா" என்பாய். பிறந்ததிலிருந்து தின்ற கடலை அது.

அப்புறம்தான் நான் புளூட்டோனியத்தைச் சொன்னேன். அதுவும் போய்த் தங்குவது கல்லீரலிலும் எலும்பிலும்தான். டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். போனில் என்னவோ தேடினார். பாவம், வேறு யாருக்கோ போன் போட்டும் கேட்டார். "தெலீது சார். ஏதனி செப்பலேமு" என்றார், எது என்று சொல்ல முடியாதாம்.

உன்னை எரித்துவிட்டு, மறுநாள் லோகா சாம்பலைக் காளஹஸ்திக்கு எடுத்துப் போகவேண்டுமென்றாள். சுவர்ணமுகியில் முழங்காலளவுகூடத் தண்ணீரில்லை. நான் கரையில் நின்றேன். நெருப்புக்குப் புளூட்டோனியம் அழியாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கடுகில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் காணாது, ஊர் உலகத்துக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனாலும் உன்னைக் குத்தின அந்தச் சனியன், உன் நெஞ்சும் கைகாலும் போன பிறகும், அந்தச் சொம்பில் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பவித்ரா தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு கரையேறி வந்தாள்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. மேற்கொண்டு ஓடாமல் மூடி வைத்துவிட்டேன். ஞாயிறும் போய், அதற்கடுத்த வாரமும் ஓடிவிட்டது. இன்றுதான் மறுபடி எடுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். லோகா செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாண்ணா, யோசிச்சீங்களா?" என்றாள். இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் காணாமல் போய்விட்டது. உட்காரவைத்து விளக்கினேன். உன்னை மாதிரி ஆயிரம் பேருக்கு நேர்ந்தால், அதில் வழக்கத்தைவிடச் சிலருக்குக் கூடுதலாக வரலாம் என்று சொல்ல முடியும். அந்தச் சிலரில் நீ ஒருவனா என்று சொல்ல உலகத்தில் ஒரு கருவியும் கிடையாது. காமாலையாலும் வந்திருக்கலாம், கடலையாலும் வந்திருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் வரலாம். "கட்டிமேல பேரு எழுதி ஒட்டியிருக்காதும்மா" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

லோகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அளக்கறதுக்கு அவ்ளோ மிஷினு வெச்சிக்கினு இருந்தீங்களேண்ணா. எல்லாம் எதுக்கு?"

நீ சொல்லு, எதுக்கு?

பவித்ரா, "அம்மா, மாமாவ விடு. அவர் இன்னா சொன்னாலும் நான் போறதுதான்" என்றாள். பிடிவாதம் அப்படியே நீதான். கொஞ்சம் கழித்து, "நைனாவுக்கு அந்த வேல புடிச்சிருந்துதா மாமா?" என்று கேட்டாள். உலை உயிர் பெற்ற நாள் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லோகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைச் சொன்னால் பெண்ணை நானே கையைப் பிடித்து அனுப்பிவைத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் உனக்குத் துரோகம். "ம்" என்றேன். உன் வாழ்நாள் சந்தோஷத்துக்கு என்னிடமிருந்து வந்தது அந்த ஒரு எழுத்துதான். மன்னித்துக்கொள்.

நேற்று மாலை பவித்ரா கிளம்பினாள். என் வீட்டுக்காரி கட்டிக்கொடுத்த புளியோதரையை வாங்கிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு இங்கே திருப்பதியில்தான் பஸ் ஏறினாள். லோகா தடுக்கவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக் கொடுத்தாள், உன் மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள், சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருளாமல் இருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பஸ் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் கையாட்டினாள். கை இறங்கவே இல்லை. நான்தான், "போதும் வாம்மா, அவ தைரியசாலி" என்று ஏதோ உளறினேன்.

திரும்பாமலே பேசினாள். "ஆஸ்பத்திரில அவரயும் இதே கேட்டேண்ணா. அதுதானான்னு. 'யாராலயும் சொல்ல முடியாது லோகா'ன்னாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது, ஒங்களுக்கே தெரியும். நீங்களாவது ஒண்ணு சொல்லுவீங்கன்னுதான் ஒங்க வூட்டுக்கு வந்தேன்."

அதற்குள் நகரி பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், கோபமாகக்கூட இல்லை. பஸ் நகர ஆரம்பித்ததும் நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். எந்தப் பொய்யம்மா உனக்கு வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அதுதான் அவனைக் கொன்றது என்று சொல்லியிருந்தால் மகளை மடியில் போட்டுக்கொண்டு தடுத்திருப்பாளா? அது இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் நேற்று அழுதபடியாவது நிம்மதியாக அனுப்பியிருப்பாளா? பஸ் வேகமெடுத்தது, கையை எடுத்துவிட்டேன்.

இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தினவன் நீ. எது வேண்டுமென்று அவள் வந்தாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லையடா.